மியூசியத்தில் குடியிருப்பு

போன வருஷம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைப்பக்கமிருந்து உள்ளே வருகிறேன், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் முன்பின் தெரியாத ஒரு குடும்பம் நிற்கிறது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். குற்றாலம் போகிற வழியில் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியை நிறுத்தினார்களாம். வாயில் நுரையோடு நிற்கிற என்னிடம் அந்தப் பெண் டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாள். டிக்கெட் கிடையாது, நேரம் கிடையாது, லீவும் கிடையாது என்று கையை ஆட்டிச் சொல்லிவிட்டு வாய் கொப்பளிக்கத் திரும்பிப் போனேன். ராஜபாளையத்தில் ராப்பகல் சாத்தாமல் கிடப்பது இரண்டே இடம்தான். ஒன்று பஸ் ஸ்டாண்டு, இன்னொன்று நான் குடியிருக்கிற வீடு.

என் வீட்டுக்காரர் நூற்பு மில்லில் ஸ்டோர்ஸ் பார்த்தவர். நட்டு, போல்ட், பேரிங், பெல்ட் என்று வந்து இறங்குகிற ஒவ்வொன்றுக்கும் ஓட்டை போட்ட அட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதுதான் வேலை. என்ன சாமான், எங்கிருந்து வந்தது, எந்த மெஷினுக்கு. அட்டை இல்லாத சாமான் அவருக்குச் சாமானே இல்லை. ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்ததும் கொஞ்ச நாள் என் மளிகை டப்பாக்களுக்குக் கட்டினார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள், அட்டை கட்டின கையும் அப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் முன்பே கொஞ்சம் பழைய சாமான் உண்டு. படி, உழக்கு, வால்வு ரேடியோ ஒன்று, நாலைந்து அரிக்கேன் விளக்கு. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்குக் கேட்டார்கள், கொடுத்தார். அங்கே வந்த ஊர்க் கலை மன்றத்துக்காரர்கள் கண்ணில் அது பட்டது. அந்த வருஷ ஆண்டு விழாவில் கல்யாண மண்டப மேடையில் ஏற்றி இவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நம் ஊருக்கு ஒரு மக்கள் அருங்காட்சியகம் வேண்டும், அதற்கு மன்றம் கட்டடம் கட்டித் தரும், அதுவரை ஐயா வீட்டிலேயே நடக்கும் என்று தலைவர் மைக்கில் அறிவித்தார். நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். அந்த 'அதுவரை'க்குள் என்னை வைத்துப் பூட்டுகிறார்கள் என்று அப்போது உறைக்கவில்லை. மறுநாளே வாசலில் போர்டு வந்துவிட்டது.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்கும். போர்டு மாட்டிய பிறகு வந்த முதல் போகிக்கு எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் புகை இல்லை. எரிக்க வேண்டியதையெல்லாம் எங்கள் வாசலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஓட்டை அண்டா, கால் போன ஸ்டூல், எலி கடித்த ஹார்மோனியம். எதிர்வீட்டுத் தெலுங்குக்கார அம்மா ஓர் உடைந்த உரலை உருட்டிக்கொண்டே வந்து, இதுவும் கலைதானே என்று சிரித்தாள். அதுகூடப் பரவாயில்லை. தட்டுமுட்டுச் சாமான், ஓரத்தில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்று இருக்கலாம். அதற்குப் பிறகு வந்தவைதான் என்னை மூச்சு முட்ட வைத்தன.

ஒரு வீட்டில் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வையுங்கள். அவர் கைத்தடி, கண்ணாடி, வெற்றிலைச் செல்லம் எல்லாம் மூலையில் கிடக்கும். வைத்துக்கொண்டிருந்தால் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சை அடைக்கும். தூக்கிப் போடவோ மனசு வராது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஜனங்களுக்குக் கிடைத்த இடம் எங்கள் வீடு. கருமாதி முடிந்த மறுநாள் மகனும் மருமகளும் பையோடு வந்து நிற்பார்கள். இவர் மறுக்கவே மாட்டார். பயபக்தியோடு இரண்டு கையாலும் வாங்கி, மில் பாணியில் அட்டை எழுதுவார். பொருள்: கைத்தடி. பயன்படுத்தியவர்: காலஞ்சென்ற இன்னார். வழங்கியவர்: அன்னாரின் குடும்பத்தார். ஒரு தடவை பல்செட் ஒன்று வந்தது. அதை மட்டும் நான் படியேற விடவில்லை.

மம்சாபுரத்திலிருந்து, செட்டியார்பட்டியிலிருந்து, எங்கெங்கோயிருந்து வந்தன. முன்கூடம் நிரம்பி, நடுக்கூடம் நிரம்பி, கடைசியில் நாங்கள் படுக்கிற பின்னறைக்குள்ளும் சாமான் வந்துவிட்டது. பரணில் இடமில்லை. பீரோவைத் திறக்க வேண்டுமானால் ஒரு காலஞ்சென்றவரின் சாய்வு நாற்காலியை மடக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை மடக்கியது ஒரு சைக்கிள். செட்டியார்பட்டியிலிருந்து ஓர் அம்மா உருட்டிக்கொண்டு வந்தது. அவள் புருஷன் சைக்கிளில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராகப் போய் விற்றவர். ஒருநாள் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. இவர் அட்டை எழுதிக் கட்டிவிட்டு அதைச் சுவரோரம் சாத்தப் போனார். அந்த அம்மா வேண்டாம் என்று கையைப் பிடித்துவிட்டாள்.

"அவிய வாசப்படியிலதான் நிறுத்துவாக. பாதி வீட்டுக்குள்ள, பாதி வெளிய. எந்நேரமும் கெளம்புத மாதிரி. அப்பிடியே இருக்கட்டும்ணே."

தெருவாசல்படியில் வைத்தால் ஒருவரும் நுழைய முடியாது. மிச்சமிருந்தது பின்னறை நிலைப்படி. முன்சக்கரம் அறைக்குள், பின்சக்கரம் நடுக்கூடத்தில் என்று ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார்கள். அவள் திருப்தியாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்குத் தொண்டை வரை வந்தது. ஆனால் துக்கத்தில் நிற்கிறவளிடம் என்னத்தைச் சொல்ல? அதன்பின் ஒவ்வொரு அமாவாசைக்கும் வருவாள். ஹேண்டில்பாரில் ஒரு முழம் பூவைச் சுற்றுவாள், செத்த நேரம் பக்கத்தில் உட்காருவாள், நான் கொடுக்கிற காபியைக் குடிப்பாள், போய்விடுவாள்.

அன்றிலிருந்து பின்னறைக் கதவைச் சாத்த முடியாது. உள்ளே போக வேண்டுமானால் சேலையை ஒரு கையில் கொசுவிப் பிடித்துக்கொண்டு, பெடல் இடிக்காமல் ஒருக்களித்து நுழைய வேண்டும். எந்நேரமும் நடுக்கூடத்தில் யாராவது நின்று அரிக்கேன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் குளியலறையில்தான் சேலை மாற்றுவேன், கீழ்க்கரை நனைந்து அன்று முழுக்கக் காலில் ஒட்டும். மத்தியானம் கண் அசந்தால், என் தலைமாட்டில் இருக்கிற அட்டையை ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கிற சத்தத்தில் முழிப்பேன். புருஷன் பெண்டாட்டி சண்டைகூட எங்களுக்கு இரகசியக் குரலில்தான். ஒரே ஒரு தடவை சைக்கிளை நகர்த்திச் சுவரோரம் வைத்தேன். அந்த அமாவாசைக்கு அவள் வந்து, வெறும் நிலைப்படியைப் பார்த்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள். இவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கொலைகாரியைக்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். நானே உருட்டிக்கொண்டு போய்ப் பழையபடி நிறுத்தினேன்.

வெளியூருக்கும் போக முடியாது. கூமாப்பட்டியில் என் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்கு இவர் மட்டும்தான் போனார். இரண்டு பேரும் போனால் வருகிறவர்களுக்கு யார் சொல்வது? யூடியூப்காரப் பையன்கள் வந்து என்னை உலக்கையால் நெல் குத்தச் சொன்னார்கள். நான் பிறந்ததிலிருந்து ரைஸ் மில் அரிசிதான் சாப்பிடுகிறேன் தம்பி என்றேன். சும்மா ஓங்கிப் போடுங்க ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு, என் மிக்ஸி மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்தார்கள். அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு உறவில் அம்புட்டுப் பேரும் போன் செய்தார்கள். என்னையும் ஒரு சாமான் ஆக்கியாகிவிட்டது, அட்டை மட்டும்தான் பாக்கி. கட்டினால் 'காலஞ்சென்ற' என்றுதான் ஆரம்பிக்கும் என்பதால் பொறுத்துக்கொண்டேன்.

இப்படி இருக்கும்போதுதான் மகளுக்கு நாள் தள்ளியது. ஒரே பெண். ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறோம், பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். மாப்பிள்ளை வீட்டில் பால்கோவா போடுகிறார்கள். நல்ல மனுஷர்கள், குறை சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்குப் பின்னால்தான் அடுப்பு. விடியுமுன் பால் கேன் வந்துவிடும். தெருவிலிருந்து அடுப்படிக்குப் போகிற வழி என் மகள் படுக்கிற அறையின் ஊடேதான். கேன் தூக்குகிறவர், விறகு கொண்டு வருகிறவர், கடைக்குச் சரக்கு எடுக்க வருகிறவர் என்று எல்லோரும் அவள் கட்டிலை உரசிக்கொண்டு போவார்கள். யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள், அதெல்லாம் மரியாதையானவர்கள்தான். இருந்தாலும் படுத்திருப்பவள் எழுந்து உட்கார்ந்துதானே ஆக வேண்டும்?

ஐந்தாம் மாதம் இருக்கும். மசக்கை விட்டபாடில்லை என்று நான் போனில் வகைவகையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாங்காய் வேண்டுமா, கொழுக்கட்டை செய்து அனுப்பவா என்று. அவள் எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்றாள். கடைசியில் சொன்னாள்:

"அம்மா, எனக்கு ஒண்ணும் திங்க வேண்டாம். நம்ம வீட்டுக்கு வந்து கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுட்டுத் தூங்கணும். அம்புட்டுத்தான்."

பெற்ற வயிறு பற்றி எரிந்தது. ஏழாம் மாதம் வளையல் போட்டதும் அழைத்துக்கொண்டு வந்துவிடுவோம், பின்னறை உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுத் திரும்பினால் நிலைப்படியில் சைக்கிள் நிற்கிறது, ஹேண்டில்பாரில் காய்ந்த பூவோடு.

இவரிடம் சொன்னேன். மகள் என்றால் இவருக்கும் உயிர்தான், அதில் பொய்யில்லை. அவள் வருவதற்குள் பின்னறையைக் காலி பண்ணிவிடுகிறேன் என்று சத்தியம் பண்ணாத குறை. மறுநாள் காலையில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார். முதலில் சாய்வு நாற்காலியைத் தூக்கினார். அட்டையைப் பார்த்தார். இதைக் கொடுத்தவன் மாதம் ஒரு தடவை வந்து இதில் கையை வைத்துவிட்டுப் போகிறான் என்று சொல்லி இறக்கி வைத்தார். அடுத்து ஒரு மரத்தொட்டில். இதைக் கொடுத்த வீட்டுப் பேரன் வெளிநாட்டிலிருந்து போட்டோ எடுக்க வருகிறானாம். அதையும் இறக்கி வைத்தார். மத்தியானம் வரை தூக்கித் தூக்கி இறக்கினதில் அறையில் தூசிதான் இடம் மாறியிருந்தது. அவரைத் திட்டக்கூட எனக்குத் தெம்பில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே, பூசாரியையே பார்ப்போம் என்று கலை மன்றத் தலைவரைத் தேடி நானே போனேன். ஆண்டு விழா நாடகத்துக்கு மண்டபத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. எப்போதும் தலைவருக்குத்தான் ராஜா வேஷம். பாதி மீசை ஒட்டிய முகத்தோடு சிம்மாசனத்தில் இருந்தார். சிம்மாசனம் எங்கள் வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போன காலஞ்சென்ற மிராசுதார் ஒருவரின் நாற்காலி. நான் விஷயத்தைச் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சிப் பெண் வருகிறாள், இதையெல்லாம் வேறெங்காவது ஒதுக்கிக் கொடுங்கள், மண்டபத்துச் சமையல்கட்டு ஓரமானாலும் சரி என்றேன். கட்டடத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவரை கொஞ்சம் அனுசரியுங்கள் என்றார். பிறகு வசனம் பேசுகிற குரலில் சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி, நம் ஊர்க் கலைக்கே நீங்கள்தானம்மா தாய் என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள்.

"தாய்க்கு ஒரு ரூம் வேணும்ணே. நாடகத்துல இல்ல, நெசத்துல" என்றேன்.

மந்திரி வேஷக்காரர் சிரித்துவிட்டார். ராஜா சிரிக்கவில்லை, ஆவன செய்கிறோம் என்று சொல்லிவிட்டு விட்ட வசனத்தைப் பிடித்துக்கொண்டார். வெளியே வந்து ஆட்டோ ஏறும்போது அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

ஆறு முடிந்து ஏழு பிறந்ததும் சம்பந்தியம்மா வளையல் போடுகிற நாள் குறிக்க வந்தார்கள். பால்கோவாப் பெட்டி, பூ, பழம் எல்லாம் கையில். கல்யாணப் பேச்சுக்கு வந்தபோது பார்த்த வீடு இல்லை இது என்பது வாசல் போர்டிலேயே தெரிந்திருக்கும். முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நான் முன்கூடத்தோடு உட்கார வைத்து அனுப்பிவிடலாம் என்று பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு யாராவது வந்துவிட்டால் சும்மா இருக்க முடியுமா? வாங்க மதினி, சுத்திப் பாருங்க என்று கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சம்பந்தியம்மா நன்றாக எழுத்து வாசிப்பவர்கள், கடைக் கணக்கெல்லாம் அவர்கள்தான். ஒவ்வோர் அட்டையாக நின்று வாசித்தார்கள். கைத்தடி, காலஞ்சென்ற. மூக்குக்கண்ணாடி, காலஞ்சென்ற. வெற்றிலைச் செல்லம், காலஞ்சென்ற. அவர்கள் நடை மெதுவாகிக்கொண்டே வருவது எனக்குத் தெரிகிறது, இவருக்குத் தெரியவில்லை. சைக்கிளைத் தாண்டி ஒருக்களித்துப் பின்னறைக்குள் நுழைந்ததும் அந்த மரத்தொட்டில் கண்ணில் பட்டது. அவர்கள் முகம் அப்படியே மலர்ந்தது. பேரப்பிள்ளைக்காகத் தேடி வைத்திருக்கிறோம் என்று நினைத்துவிட்டார்கள் பாவம். ஆசையாக அதன் விளிம்பைத் தடவினார்கள். தடவின கையில் அட்டை தட்டியது. பொருள்: தொட்டில். பயன்படுத்தியவர்: காலஞ்சென்ற இன்னார்.

அந்த இன்னார் பேரன் பேத்தி எடுத்து, தொண்ணூறை எட்டி, நிறைவாகப் போன பெரியவர். தான் பிறந்தபோது கிடந்த தொட்டிலைக் கடைசி வரை வைத்திருந்தார். இதையெல்லாம் இவர் அவசர அவசரமாகச் சொன்னார். அட்டையில் வயசையும் எழுதியிருக்கலாம் என்று அவருக்கு அப்போதுதான் தோன்றியது. சம்பந்தியம்மா கையை எடுத்து முந்தானையில் துடைத்துக்கொண்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. என் கையைப் பிடித்துக்கொண்டு தணிவாகத்தான் சொன்னார்கள்.

"தப்பா நெனைக்காதீக மதினி. வாயும் வயிறுமா இருக்குத புள்ள, போனவுக சாமானுக்கு நடுவுல எப்பிடிப் படுக்கும்? வளையலப் போட்டு எங்க வீட்டுலயே வச்சுக்கிடுதோம். பிரசவமும் அங்கனயே பாத்துக்கிடலாம்."

பெண்ணைக் கொடுத்தவள் நான். இந்த இடத்தில் என்ன பேச வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. சரி மதினி, உங்க மனசு போல என்றேன். தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்று ஊர் உலகமெல்லாம் இருக்க, என் மகளுக்கு மட்டும் தாய் வீடு இல்லை என்று ஆனது. அவர்கள் காரில் ஏறுகிற வரை சிரித்துக்கொண்டே நின்றேன். தாடை வலித்தது.

இவர் அன்று சாப்பிடவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் கட்டுக் கட்டாகப் புது அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்கிறார். என்னவென்று பார்த்தேன். எல்லாவற்றிலும் 'காலஞ்சென்ற' என்பதை எடுத்துவிட்டு வெறும் பேரை எழுதுகிறார். தப்பு அட்டையில்தான் என்று அந்த மனுஷன் நினைத்துவிட்டார். எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அந்த வேலையும் நிலைக்கவில்லை. கண்ணாடி கொடுத்தவர் மகன் வந்து பார்த்துவிட்டு, எங்கப்பா போயிட்டாருன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா, உயிரோட இருக்கும்போதே கண்ணாடியப் புடுங்கிக் குடுத்த மாதிரில்லா இருக்கு என்று சண்டைக்கு நின்றார். இவர் மறுபடியும் உட்கார்ந்து பழைய அட்டைகளைக் கட்டினார்.

வளையல் போடுகிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். ஏழு வகைச் சோறு கட்டிக்கொண்டு போனேன். மகள் கை நிறைய வளையலோடு என்னைப் பார்த்தாள். எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்று அவள் கேட்கவில்லை. நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, சரிம்மா பார்த்துப் போங்க என்று ஒரு விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதுகொண்டே வந்தேன். இவர் பக்கத்தில் காலி தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவளோடு போனில் பேசுவதே குறைந்துபோனது. நான் கேட்பேன், அவள் நல்லாருக்கேன் என்பாள். பின்னால் பால் கேன் உருளுகிற சத்தம் கேட்கும். நான் வைத்துவிடுவேன். வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் படியைக் காட்டி, உழக்கைக் காட்டி, ரேடியோவைக் காட்டிக்கொண்டே இருந்தேன். வாய் தன்பாட்டுக்குப் பேசும். மனசு ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். இவர் மன்றத்தில் கூட்டம் என்று போயிருந்தார். வாசலில் நிழல் தட்டியதும், வந்துவிட்டான் எவனோ என்று அலுத்துக்கொண்டே திரும்பினேன். மகள் நிற்கிறாள். தோளில் ஒரு பை, வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு, முகமெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது. தனியாகவா வந்தாய், பஸ்ஸிலா வந்தாய், சொல்லிவிட்டு வந்தாயா என்று நான் அடுக்கினேன். கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாளாம். கோயில் வாசலைத் தாண்டியும் கால் நிற்கவில்லையாம், பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டுவிட்டதாம். அதைச் சொல்லும்போதும் சிரிக்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. செத்த நேரம் படுக்கணும்மா என்று சொல்லிவிட்டுப் பின்னறைக்கு நடந்தாள்.

நிலைப்படியில் சைக்கிள். அவள் ஒருக்களித்துப் பார்த்தாள். வயிறு இடம் கொடுக்கவில்லை. மறுபக்கம் திரும்பிப் பார்த்தாள், முதுகு நிலையில் இடித்தது. பிறகு முயலவே இல்லை. சீட்டில் ஒரு கையும் வயிற்றில் ஒரு கையுமாக, உள்ளே கிடக்கிற கட்டிலைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள். சைக்கிள் சட்டத்தில் அட்டை தொங்கிக்கொண்டிருக்கிறது. நாலு நாள் முன்னால்தான் அமாவாசை போயிருந்தது, பூ வாடியும் வாடாமலும் இருந்தது.

நகருடி என்றேன். ஸ்டாண்டைக் காலால் தட்டிவிட்டு, ஹேண்டில்பாரைப் பிடித்து, நடுக்கூடத்து அண்டாவிலும் அரிக்கேனிலும் இடிக்க இடிக்க அதைப் பின்னாலேயே இழுத்தேன். ஒரு விளக்குச் சிமினி கீழே விழுந்து உடைந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. முன்கூடம், வாசல், படி. படியில் சைக்கிள் தடதடவென்று இறங்கியது. தெருவில் கொண்டுபோய் எதிர்வீட்டுச் சுவரில் சாத்தினேன். எதிர்வீட்டு அம்மா ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த அமாவாசைக்கு அந்தச் செட்டியார்பட்டி அம்மா வந்தால் என்ன சொல்வேன்? தெரியாது. அன்றைக்கு அவள் துக்கத்தைச் சுமக்க என்னிடம் இடமில்லை.

நான் திரும்பி வரும்போது மகள் அறைக்குள் போயிருந்தாள். ரொம்ப நாள் அசையாமல் நின்ற கதவு. கீல் துருவேறி, தரையில் உரசிக்கொண்டு கரகரவென்று நகர்ந்தது. பாதியில் சிக்கியது. உள்ளேயிருந்து அவள் தள்ள, வெளியே நான் அடிப்பலகையைக் காலால் உதைக்க, சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. என் முகத்துக்கு நேரே மூடின கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயிறு குளிர்ந்தது என்பார்களே, அது நெசமாகவே குளிருகிறது.

இவர் வந்தார். தெருவில் சைக்கிளைப் பார்த்துவிட்டுத்தான் படியேறியிருக்கிறார், முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. என்னவோ கேட்க வாயைத் திறந்தார். நான் கதவைக் காட்டினேன். வாசலில் கிடந்த மகளின் செருப்பைக் காட்டினேன். அவர் செருப்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். உடைந்த சிமினிக் கண்ணாடியை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். அதற்குள் வேனில் ஒரு கூட்டம் வந்து இறங்கியது. மியூசியம் இதுதானா என்று கேட்டார்கள். இவர் கையில் கண்ணாடித் துண்டுகளோடு படியில் இறங்கி, இன்னைக்கு இல்லைங்க என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பேசிய பேச்சில் எனக்குப் பிடித்தது அதுதான்.

கொஞ்ச நேரத்தில் என் போன் அடித்தது. சம்பந்தியம்மா. இவர் என்னைப் பார்த்தார், எடுக்காதே என்பது போல. எடுத்தேன். மருமகளைக் கோயில் முழுக்கத் தேடிவிட்டோம், அங்கே வந்திருக்கிறாளா என்று பதறிப்போய்க் கேட்டார்கள். வந்திருக்கிறாள், பத்திரமாக இருக்கிறாள் என்றேன். அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். அடுத்த மூச்சில் குரல் மாறியது. அந்த வீட்டில் அவளைப் படுக்க வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தேனே மதினி, என் மகன் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டான், அவளை எழுப்பி ரெடியாக இருக்கச் சொல்லுங்கள் என்றார்கள். நான் கதவைப் பார்த்தேன். உள்ளே ஃபேன் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"மாப்பிள்ள வரட்டும் மதினி, சாப்பாடு போடுதேன், உக்காந்திருக்கட்டும். எம் மக கதவச் சாத்திட்டுத் தூங்குதா. நான் தட்ட மாட்டேன்."